அவர் கை வைக்காத கட்டுரை

ஹட்டனில் ஓர் அச்சகத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அவருக்குப் பிடிக்காது. போடாவிட்டாலும், "இதுக்கெல்லாம் சான்று என்னங்க சேர், உங்க ஞாபகம் மட்டுந்தானா?" என்று கேட்பார். ஞாபகம் மட்டும்தான். அதிலும் கால் பங்கு கழன்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

குள்ளமான உருவம். கம்பளிச் சட்டையின் ஐந்து பொத்தான்களில் ஒன்று எப்போதும் வேறு நிறம். கையில் ஓர் அடிமட்டம் இருக்கும், இரும்பு அளவுகோல். அதை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். பிழை திருத்த வந்த அச்சுப் படிகளை மட்டுமல்ல, வடை சுற்றிவந்த காகிதத்தையும் அப்படித்தான் படிப்பார். எண்ணெய் ஊறிய பகுதியில் வரி மறைந்துவிட்டால் முகம் சுருங்கும். ஈய எழுத்துக் கோர்க்கிற வேலைக்குப் பதினாறு வயதில் சேர்ந்தவர். பிறகு கணினி வந்தது; எழுத்துக் கோர்த்த மற்றவர்கள் போய்விட்டார்கள், இவர் இருந்தார்.

அந்த அச்சகத்தின் சொந்தக்காரர் ஒரு முஸ்லிம் முதலாளி. கலியாணக் கார்டு, திருவிழா நோட்டீசு, தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கண்ணீர் அஞ்சலி, இவைதான் அங்கே அடிக்கப்பட்டவை. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் அங்கே இணைய இணைப்பு வந்தது. எல்லாரும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரோடு பேச அதைப் பயன்படுத்தினார்கள். இவர், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்த ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் கண்டுபிடித்து, அதில் ஹட்டனைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஐந்து வரி இருந்தது. இரண்டு பிழை. அங்கிருந்துதான் தொடங்கினார்.

போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் அச்சகம் பூட்டியிருக்கும். அந்த நாட்களில் கணினியைப் பயன்படுத்த முதலாளி அனுமதி கொடுத்தார். எழுத ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு அங்கே வைத்து இவர் பழக்கினார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலைநாட்டில் முப்பத்தொரு வருடம் படிப்பித்து ஓய்ந்தவன். வீட்டில் இருந்தால் நெஞ்சுச் சளியைப் பற்றியும் கூரைத் தகரத்தைப் பற்றியும்தான் யோசனை போகும். அதனால் நானும் போனேன்.

நான் முதலில் எழுதிக்கொண்டு போனது, நான் அதிபராக இருந்த தோட்டப் பாடசாலையைப் பற்றி. மாணவர் தொகை, வகுப்பறைகள், கழிப்பறைகள், முற்றத்து மரங்கள் எல்லாம் கணக்கோடு இருந்தன. அவர் அடிமட்டத்தை இறக்கி இறக்கிப் படித்துவிட்டு, இந்தக் கணக்கெல்லாம் எதில் வந்திருக்கிறது என்று கேட்டார். ஒன்றிலும் வரவில்லை, நானே எண்ணினேன் என்றேன்.

"எண்ணினது சரியாத்தான் இருக்கும் சேர். ஆனா படிக்கிறவங்க உங்களை எங்க தேடிப் பிடிச்சுக் கேப்பாங்க? அவங்க போய்ப் பாக்கிற மாதிரி ஒண்ணு வேணும்ல."

என் பக்கம் ஒன்றரை வரியாகச் சுருங்கியது. மரங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டு போயாவுக்கு நான் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாவது போயாவுக்குப் போனபோது, ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவுமில்லை. கல்வித் திணைக்களத்தின் பழைய அறிக்கை ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தார். அதில் என் பாடசாலைக்கு நான்கு வரி இருந்தது.

புதிதாக வருகிறவர்களை அவர் உடனே கணினியில் உட்கார விடுவதில்லை. கழிவுத் தாளின் பின்பக்கத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்வார். எதைப் பற்றி என்பதில்தான் அவருடைய வேலை இருந்தது. மலைநாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொழிற்சங்கம் உண்டு. எந்தச் சங்கத்துக்குச் சந்தா போகிறது என்பது சாதகக் குறிப்பைப் போல. வருகிறவரின் வீடு எந்தச் சங்கம் என்று கேட்டுக்கொண்டு, எதிர்ச் சங்கத்தின் தலைவரைப் பற்றி எழுதச் சொல்வார். எழுதிய தாளை அந்த எதிர்ச் சங்கத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்து, இதை எழுதியவர் எந்தக் கட்சி என்று கேட்பார். படித்தவருக்குக் கண்டுபிடிக்க முடியாவிட்டால்தான் தேர்ச்சி.

பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்த ஒருவர் இந்தச் சோதனையில் மூன்று தரம் தோற்றார். முதல் தரம், எழுதியது முழுக்கத் திட்டு. இரண்டாம் தரம் திட்டை எடுத்துவிட்டு, தலைவரின் பெயருக்கு முன் 'திரு' போடாமல் விட்டிருந்தார். தேநீர்க் கடையில் வைத்து அந்தத் தாளைப் படித்த எதிர்ச் சங்கத்துக்காரர், "இவன் நம்மாளு இல்லைங்க, தலைவருக்குச் சட்டையே போடாம கூட்டிட்டு வந்திருக்கான்" என்றாராம். மூன்றாம் தரம் அளவுக்கு மீறிப் புகழ்ந்தார். அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள், சொந்தச் சங்கத்துக்காரர் யாரும் அவ்வளவு புகழ மாட்டார்கள் என்று. நான்காம் தரம் தேறினார். பிறகு எங்கள் குழுவிலேயே நிதானமாக எழுதியவர் அவர்தான்.

அச்சில் வந்தது எல்லாம் உண்மை என்று நம்புகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். அச்சு எப்படி வருகிறது என்று தெரிந்தவர் அல்லவா. ஒரு முறை உடப்புசல்லாவையிலிருந்து ஒருவர் தன் பெரியப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தார். 'மலையகத்தின் விடிவெள்ளி என்று அழைக்கப்பட்டவர்' என்று ஒரு வரி. சான்றாக, சட்டம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பிரசுரத்தையே பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது எங்க அச்சகத்துல அடிச்சது. 'விடிவெள்ளி' நான் போட்டது. உங்க வீட்டுல குடுத்த விஷயம் பத்தல, நடுவுல ஒரு வரி எடம் மீந்துச்சு."

வந்தவர் பிரசுரத்தைத் திரும்பவும் பேப்பரில் சுற்றினார். பிறகு, அப்படியென்றால் பிறந்த வருடமாவது சரியா என்று கேட்டார். வீட்டில் தெரியாது என்றார்கள், அதனால் சைபரில் முடிகிற ஒரு வருடமாகப் பார்த்துப் போட்டேன் என்றார் இவர். அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பெரியப்பா இரண்டு முறை உள்ளூர்ச் சபைக்குத் தெரிவானவர் என்பதை அரசாங்க வெளியீடு ஒன்றிலிருந்து எடுத்துக் கொடுத்து, அதை வைத்துத் தொடங்கச் சொன்னார்.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு விலை இருந்தது. அது எங்களுக்குத் தெரியவந்தது ஒரு வருடம் கழித்துத்தான்.

அவர் பிறப்பதற்கு முன், வெள்ளைத் துரைமார் இருந்த கடைசிக் காலத்தில், ஒரு தோட்டத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதைப் பற்றி யாரோ வெளிநாட்டிலிருந்து கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு பற்றி வந்த ஒரு புத்தகம்தான் அதற்குச் சான்று. ஒரு போயா அன்று நேரக்காப்பாளர் அதைச் சத்தமாக வாசித்தார். வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்தபோது தோட்டத்தின் சங்கத் தலைவர் தனியாகத் துரை பங்களாவுக்குப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதற்குப் பரிசாக ஒரு கறவை மாட்டைப் பெற்றுக்கொண்டார். நேரக்காப்பாளர் வாசிப்பை நிறுத்தி, மாட்டுக்கு விலைபோனவனைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்.

"அது எங்க அப்பா" என்றார் இவர்.

அவர் படித்துக்கொண்டிருந்த வேறொரு தாளில் அடிமட்டம் அசையாமல் அதே வரியில் இருந்தது. நேரக்காப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். நான்தான், அந்த வரியை எடுத்துவிடலாமே என்றேன். ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டார். அது அச்சில் வந்த புத்தகம், எழுதியவர் படித்தவர், அதோடு இவர் மகள். மகள் கை வைக்கக் கூடாது. மகளுக்காக மற்றவர்களும் கை வைக்கக் கூடாது. அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், திறந்தால் கை சும்மா இருக்காது என்றார். பிறகு அடிமட்டத்தை அடுத்த வரிக்கு இறக்கினார்.

அவருடைய தகப்பன் அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தகப்பனைப் பற்றி உலகம் படிக்கக்கூடியதாக இருந்தது அந்த ஒரு பக்கம்தான். அதில் மாடு நின்றது.

சில மாதங்கள் போயின. நுவரெலியாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சங்கத்தின் மே தின மலர் கையில் கிடைத்தது. புரட்டிக்கொண்டு போனால் அதே வேலைநிறுத்தம். 'உணவுப் பொருள் வழங்கல் நிறுத்தப்பட்டு லயங்களில் குழந்தைகள் பட்டினி கிடந்ததால், வேறு வழியின்றியே தலைவர் கையெழுத்திட்டார்' என்று அதில் இருந்தது. கலியாணச் சாப்பாட்டைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மலர் நனைந்துவிடுமோ என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அடுத்த போயா அன்று அதை அவர் முன்னால் வைத்தேன். நேரக்காப்பாளரும் இருந்தார். இவர் முதல் தரம் வேகமாகப் படித்தார். அப்படி அவர் படித்து நான் பார்த்ததில்லை. கண்கள் ஈரமாகத்தான் இருந்தன. பிறகு அடிமட்டத்தை எடுத்து, மறுபடி மேலிருந்து இறக்கினார். பாதியில் நின்றார்.

"சேர், இந்த மலர்ல அடிக்குறிப்பு எங்கயாச்சும் இருக்கா?"

எங்கும் இல்லை. அவர் அடிமட்டத்தின் நுனியால் ஓர் இடத்தைக் காட்டினார். கையெழுத்து வரிக்கு முந்திய வரியின் கடைசியில், சதுர அடைப்புக்குள் ஒரு குட்டி மூன்று இருந்தது. மலரில் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, மூன்று மட்டும் அநாதையாக இருந்தது. எங்கள் கலைக்களஞ்சியத்தில் சான்றுகளுக்கு அப்படித்தான் எண் விழும். மலர் தயாரித்தவர்கள் எங்கள் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, எண்ணை அழிக்க மறந்துவிட்டார்கள்.

என்னைக் கணினியில் உட்காரவைத்து, கட்டுரையின் மாற்ற வரலாற்றை எடுக்கச் சொன்னார். தான் திரையைப் பார்க்கவில்லை. யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்று அதில் இருக்கும். பட்டினி வரி, மலர் வெளிவருவதற்கு முன்பே எங்கள் கட்டுரையில் சான்று இல்லாமல் ஏறியிருந்தது. ஏற்றியவரின் பெயரை நான் வாசிப்பதற்கு முன்பே நேரக்காப்பாளர் வாய் திறந்தார்.

"நாந்தாங்க அக்கா. அன்னிக்கு வாய் தவறிப் பேசிட்டேன்ல. மனசு கேக்கல. எங்க தோட்டத்துலயும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவர் கோபப்படவில்லை. "நீங்க போட்டது உண்மைங்க. எங்கம்மாவும் அதைத்தான் சொல்லுவாங்க. ஆனா இது நாம போட்ட சத்தம். மலையில மோதித் திரும்பி வந்திருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எடுத்துருங்க சேர்."

நான் வாதாடினேன். "பிள்ளை, எப்பிடியோ அச்சில வந்திட்டுது. இனி ஆர் கேக்கப் போகினம்?"

"நான் கேட்டுட்டேனே சேர்."

எடுத்தேன். மாடு மறுபடி தனியாக நின்றது.

அன்று மழை விடவில்லை. பாதையில் மண் சரிந்து, அவருடைய தோட்டத்துக்கு அப்பால் பஸ் போகவில்லை. என் வீடு அப்பால். மண்ணை வாரும்வரை தன் வீட்டில் இருக்கச் சொன்னார். அந்த வேலைநிறுத்தம் நடந்த தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான அதே லயத்தில்தான் தாயும் அவரும் இருந்தார்கள். முன்னால் ஒரு காம்பரா, பின்னால் அடுப்படி. தாய் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நெட்டை, மகளுக்கு எதிர்.

"இவுங்கதான் கம்பியூட்டர் சேரா?" என்று கேட்டுவிட்டு, துவட்டத் துணி கொடுத்து, இஞ்சித் தேத்தண்ணி வைத்தார். என் வாய் சும்மா இருக்காது. இன்றைக்கு ஒரு நல்ல வரியை எடுக்க வேண்டியதாகிவிட்டது, மாட்டு வரி மட்டும் நிற்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தேன். மாட்டைப் பற்றித் தாயிடம் அவர் இதுவரை சொன்னதே இல்லை.

"என்ன மாடு?" என்றார் தாய்.

மகள் மறைக்கவில்லை. புத்தகத்தில் உள்ளதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.  தாய் அழுவார் என்று நான் பயந்தேன்.

"கெடேரியா, கறவையா?"

"கறவைன்னு போட்டிருக்கும்மா."

"அப்ப புல்லு அறுத்தது யாரு? உங்கப்பன் ஒரு நாளு புல்லு அறுத்ததில்ல. மாடு வந்திருந்தா மலையில கொழுந்து எடுத்துட்டு வந்து நாந்தானே அறுத்திருக்கணும்? எனக்குத் தெரியாம எப்படிடி ஒரு மாடு வரும்?"

மகள் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அது சரிதான், ஆனால் நீ அப்பாவின் பெண்டாட்டி, உன் சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார். தாய் அதற்கும் அசரவில்லை. அந்தப் புத்தகம் எழுதினவர் இந்த லயத்துக்கு வந்ததை அவர் பார்த்திருக்கிறார். "ரெண்டு நாளு வந்தாரு. ஆம்பளைங்ககிட்ட எல்லாம் பேசுனாரு. எங்ககிட்ட தேத்தண்ணி மட்டுந்தான் கேட்டாரு."

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. லயத்தில் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம். ஒரு வீட்டில் கோழி வாங்கினால் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும். மாடு வந்ததா இல்லையா என்பது, புல் அறுக்கிற, சாணி அள்ளுகிற பெண்களுக்குத்தான் தெரிந்திருக்கும். அவர்களை யாரும் கேட்கவே இல்லை. நாங்களும் போய்க் கேட்டு எழுத முடியாது. ஆனால் ஒரு பத்திரிகை கேட்கலாம், அது அச்சில் வந்தால் சான்றாகும் என்றேன்.

"நீ கேக்காத. சேரும் கேக்க வேணாம்" என்றார் தாய். "யாராச்சும் வந்தா என்னையும் கேக்க வேணாம், நான் அவரு பக்கந்தான் பேசுவேன். மூணாவது காம்பராக்காரிகிட்ட கேக்கச் சொல்லுங்க. அவளுக்கும் எங்களுக்கும் ஆகாது. அந்த வேலைநிறுத்தத்துல இருந்தே ஆகாது. மொதல்ல அவகிட்டயே கேக்கட்டும்."

மகளின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

கொழும்பில் வெளிவந்த ஒரு வார இதழின் மலையக நிருபருக்கு நான் எழுதினேன். யாருடைய மகள் என்று சொல்லக் கூடாது என்பது கட்டளை. அதனால், இந்த வேலைநிறுத்தத்தை நேரில் கண்ட பெண்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், மூன்றாவது காம்பராவில் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு அவர் வந்தார். தானாகவே ஐந்து பெண்களைத் தேடிப் பேசினார். வந்த செய்தி ஒரு முழுப் பக்கம். மூன்றாவது காம்பராக்காரியின் பேச்சை அவர் பேசியபடியே போட்டிருந்தார்கள்:

"மாடா? அவன் வீட்டுல ஆடுகூட இல்ல. மாடு வந்திருந்தா நானே தெருவுல நின்னு கத்தியிருப்பேன். ஆனா கையெழுத்து வச்சான். எங்களைக் கேக்காம வச்சான். அத எழுதிக்கங்க."

பட்டினியைப் பற்றி அந்த ஐவரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அல்லது சொன்னது அச்சில் வரவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

அடுத்த போயா அன்று அவர் இதழை விரித்து அடிமட்டத்தை இறக்கினார். ஒரு முறைதான் படித்தார்.

மாடு உண்டு என்று புத்தகம் சொல்வது அப்படியே இருக்கட்டும் என்றார். அது புத்தகம் சொல்வது என்று தெளிவாகத் தெரியவேண்டும். இல்லை என்று ஒரு பெண் சொல்வதை அவருடைய சொல்லாகவே பக்கத்தில் வைக்க வேண்டும். எது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் குறித்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சேர். கையெழுத்துக்கு இதுவரைக்கும் ஒரு சான்றுதான் இருந்துச்சு. இப்ப ரெண்டாவது வந்திருக்கு. லயத்து ஆளுங்களக் கேக்காம வச்சாருங்கறதும் சேத்துத்தான். அதையும் போட்டுருங்க."

அது ஏற்கெனவே இருக்கிறதுதானே, இரண்டாவது சான்று எதற்கு, அதிலும் கேட்காமல் வைத்தார் என்பதை நாங்களே தேடிப்போய் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். நேரக்காப்பாளரும் என் பக்கம்தான்.

"மாட்டுக்கு அந்தம்மா பேச்ச எடுத்துக்கிட்டு, கையெழுத்துக்கு எடுத்துக்காம விட்டா எப்படிங்க?"

நான் கணினியில் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசற்கதவருகே போய் நின்றார். எனக்குத் தட்டச்சு வேகம் போதாது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் அடிப்பேன். அவ்வளவு நேரமும் அவர் திரும்பவில்லை. கீழே பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்தது என்றேன்.

"மாட்டுக்கு முன்னால, கையெழுத்த மொதல்ல போட்டீங்களா சேர்?"

போட்டிருந்தேன்.